பிடிச்சுதா?

ஷிஜாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். நான் அவளுக்குப் பக்கத்து வீடு. பாறசாலையிலிருந்து காலை ரயிலில் பல வருடமாக அவளோடு நகரத்துக்குப் போய்வருகிறேன். நடந்தது இதுதான்.

அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். எலியின் மூளைச் செல்களைத் தட்டில் வளர்த்து, காந்தத்துக்கு இழுபடும் பொடிப்பொடி இரும்புத் துகள்களைக் கலந்து, செல்கள் அவற்றை உள்ளே எடுத்துக்கொள்கின்றனவா என்று பார்க்கும் வேலை. என்றாவது ஒருநாள் அந்தத் துகள்களில் மருந்தை ஏற்றி மூளைக்கு அனுப்பலாமாம். இரும்பு உள்ளே போயிருந்தால், சாயம் விட்டதும் செல் நீலமாகும். அதைத்தான் அவள் 'பிடிச்சுது' என்பாள்.

அவள் கணவன் அஜேஷுக்கு மூளையில் கட்டி. அறுத்து எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. தினமும் மாலையில் படுக்கையிலிருந்து கேட்பான்: "பிடிச்சுதா?"

ஒருநாள் தட்டு நீலமானது. அந்தச் சந்தோஷத்தில் ரயிலிலிருந்தே போன் செய்தாள். "பிடிச்சுது! நல்லா பிடிச்சுது!" பக்கத்திலிருந்து நானும் சிரித்தேன்.

எங்கள் ஊரில் மருந்து பிடித்தது என்றால் நோய் இறங்குகிறது என்று அர்த்தம். அந்த ஞாயிறே மாமியார் புஷ்பபாய் சபையில் எழுந்து, "எனக்க மருமவ மருந்து கண்டுபிடிச்சிட்டா" என்று ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார். டாக்டர் உடனே கதிர்வீச்சு, எங்கள் ஊர்ப் பேச்சில் கரண்டு, கொடுக்க வேண்டும் என்றார். அஜேஷ் மறுத்துவிட்டான்.

"கரண்டு ஒண்ணும் வைக்கண்டாம். உனக்க மருந்து வருமில்லா?"

அது எலியின் செல்லில்தான் என்று அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் அவன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் போனது. எனக்கு அவள்மேல் கோபம்தான். ஆனால் எல்லாம் தெரிந்த நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்!

இதற்குள் ஆய்வுக்கூடத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. நீலமானவை எல்லாம் மூளைக்குக் காவலிருக்கும் செல்கள். எது வந்தாலும் முதலில் விழுங்குவது அவைதான். மற்ற செல்களுக்கு அநேகமாக ஒன்றும் போய்ச்சேரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான். அதிகமாக விழுங்கிய காவல் செல்களும் செத்துப்போயின.

அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனிடம் சொன்னாள். "அது எலிக்க செல்லாக்கும். மனுசருக்கு மருந்து இன்னும் இல்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு போவோம்."

போனார்கள். இனி கதிர்வீச்சை உடம்பு தாங்காது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஓணத்துக்கு முன்பே அவனுக்குப் பேச்சு குழறியது. பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவள் பெயரும் போனது. ஒரு சொல் மட்டும் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான்.

நேற்று நான் கஞ்சி கொண்டுபோனபோது அவள் வேலையிலிருந்து வந்து நுழைந்தாள். அவன் தலையைத் திருப்பினான்.

"பிடிச்சுதா?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"பிடிச்சுது," என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். அவள் என்னிடமிருந்து கஞ்சியை வாங்கி ஊட்டினாள்.