பிறக்குமுன் வந்த தொட்டில்

என் பெயர் சிவபாதம். இன்று என் வீட்டில் ஒரு வழக்கம் மீறப்பட்டது. உறவினர்கள் அதைப் பிறர் வாயால் அறியுமுன் நானே அறிவிப்பதற்காக இதை முகநூலில் எழுதுகிறேன்.

பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்குவது எங்களிடையே ஆகாது. ஐம்பது வயதில் முதற்பிள்ளைக்குக் காத்திருக்கும் நான் அதை மீற எண்ணியவன் அல்லன். விலை விசாரிக்க மட்டுமே மனைவி வாசுகியுடன் கடைக்குச் சென்றேன்.

கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர்; அண்ணன் முறையில் அவரை ‘நானா’ என்றே அழைப்போம். வாசுகியின் எட்டு மாத வயிற்றைப் பார்த்ததும் அவரும் அதையே சொன்னார்.

“இப்ப வாங்காதீங்க சேர். புள்ள பொறக்கட்டும், நானே ஏத்தி அனுப்புறன்.”

நான் தலையசைத்தேன். வாசுகி அசைக்கவில்லை.

“நானா, முந்தி ரெண்டு தரமும் முறை பாத்து ஒரு துணிகூட வாங்கேல்லை. ரெண்டு தரமும் ஆஸ்பத்திரியில இருந்து வெறுங்கையோடதான் வீட்ட வந்தனாங்கள். இந்த முறை பிள்ளைக்கு இடம் போட்டு வைக்கப்போறன்.”

அவர் என்னைப் பார்த்தார். “சேர் என்ன சொல்றீங்க?”

நான் பணப்பையை எடுத்தேன்.

“ஓம், கட்டுங்கோ” என்றேன்.

கட்டுமுன் அவர் ஒரு சிறிய தலையணையை உள்ளே வைத்தார். “இது என்ட அன்பளிப்பு. வெறுந்தொட்டில் வீட்டுக்குள்ள போகப்படாது.”

இந்த விதியை உடனே ஏற்றுக்கொண்டேன்.

அன்புவழிபுரத்தில் இருக்கும் என் அக்கா உட்பட ஆட்சேபனை உள்ளோர் கீழே பதியலாம், ஒன்றுவிடாமல் வாசிப்பேன். இப்போது தொட்டிலின் பாகங்களைப் பொருத்திப் பூட்டப்போகிறேன்.