புகை குடித்த சுவர்

மனுரேவா புறநகரில் பழைய பலகை வீடொன்றை வாங்கிய சிவபாதம், 1996 குளிர்காலத்துக்குள் அதைச் சூடு வெளியேறாத வீடாக மாற்றிவிடத் தீர்மானித்தார். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியும் வீட்டுக்குள் பல் கிடுகிடுத்தது. சூடு எந்த வழியாகப் போகிறதென்று அறிய, ஊதுபத்தியுடன் மூலை மூலையாக நடந்தார். புகை வளைந்த இடங்களையெல்லாம் பசை வைத்து அடைத்தார். கடைசியில் கூடத்துச் சுவரில் ஒரேயொரு ஓட்டை மிஞ்சியது. அது புகை முழுவதையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அடுத்த தெரு இராசமலர் வந்துவிட்டார்.

“ஐயோ தம்பி, சுவர் புகை குடிக்குது!”

“அது சும்மா ஓட்டை அக்கா. நாளைக்கு அடைச்சிடுவன்.”

“வாயைக் கழுவும்! சாமியை அடைக்கிறதோ?”

செய்தி பரவி, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நகரின் மறுகோடியிலுள்ள மாசியிலிருந்தும் கார்கள் வந்தன. ஓட்டையைச் சுற்றி மனைவி புஷ்பராணி குங்குமம் வைத்திருந்தார். சிவபாதம் பசைக்குழாயோடு நெருங்கும்போதெல்லாம் யாராவது அவர் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார்கள்.

“இஞ்சேருங்கோ, அதில கை வைச்சா நான் உங்களோட கதைக்க மாட்டன்” என்றார் புஷ்பராணி.

சிவபாதம் தோற்றுப்போய்க் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தார். அந்தச் சின்னக் கூடத்தில் முப்பத்தைந்து பேர் தோளோடு தோள் இடித்துத் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பாட்டில் அவருக்கு வேர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு எழுந்துபோய் ஹீட்டரையே நிறுத்தினார்.

திரும்பி வந்து இராசமலரின் காதருகே குனிந்தார்.

“அக்கா, மற்ற நாளிலயும் பூசை வைச்சால் என்ன?”