காது அறுந்த சாக்கு

சூரியநெல்லியில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அம்மா தேயிலைக் கொழுந்து சுமக்கும் சாக்கு தொங்குகிறது. தூக்குவதற்கென்று மூலையில் தைத்த காது ஒருகாலத்தில் அறுந்துபோக, பக்கத்துத் துணியை முறுக்கி ஒரு முடிச்சு போட்டிருக்கிறது. அந்த முடிச்சைக் கண்டால் எனக்கு இன்னும் வயிறு எரியும். அதைப் போட்டது பாலக்காட்டு ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த அக்கா, கோவிந்தாபுரத்து விவசாயி மகள்.

எங்கள் இருவருக்கும் ஈஸ்ட் என்ற நுண்பூஞ்சையில் ஒரே வேலை. செல் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமையும் இழைகள் பிடித்து இழுக்கும். அந்தப் பிடி இடம்தான் சென்ட்ரோமியர். அதை வெட்டி எடுத்துவிட்டால் குரோமோசோம் தொலைந்து செல் சாக வேண்டும். ஆனாலும் சில செல்கள் பிழைத்துக்கொண்டன. பழைய இடத்துக்கு அருகிலேயே புதிதாக ஒரு சென்ட்ரோமியர் உருவாகியிருந்தது. அங்கே டி.என்.ஏ. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. இதை அம்மாவுக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதியிலேயே கொட்டாவி விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

ஒரு பொங்கலுக்கு அக்கா என்னோடு வந்தாள். வந்த அன்றே அந்தச் சாக்கை எடுத்து அம்மாவின் மடியில் போட்டாள். "காது அந்து போச்சுங்களேம்மா, இனி எப்படித் தூக்குவீங்க?" அம்மா பக்கத்துத் துணியைக் கொத்தாகப் பிடித்துக் காட்டினாள். அக்கா அதையே முறுக்கி முடிந்தாள். "அவ்வளவுதானுங்க. இந்தத் துணியில விசேஷம் ஒண்ணுமில்லீங்க. நீங்க புடிச்சதுனால இது காதாயிருச்சு. ஈஸ்டும் இதத்தான் பண்ணுது."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "இம்புட்டுத்தானா? இத இவ எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லையே, தாயி."

பிறகு கேள்விமேல் கேள்வி, எல்லாம் அக்காவிடம்தான். புதுக்காது ஏன் பக்கத்திலேயே வருகிறது என்று கேட்டு, கை அங்கேதானே போய்ப் பழகியிருக்கிறது என்று அம்மாவே பதிலும் சொல்லிக்கொண்டாள். குழம்பில் இருந்த பெரிய மீன் துண்டும் அக்காவின் தட்டுக்குத்தான் போயிற்று. அவள் நல்லவள்தான். ஆனால் எப்போது பஸ் ஏறுவாள் என்றிருந்தது எனக்கு.

அக்கா இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். நான் போன் செய்தால் அம்மா முதலில் விசாரிப்பது அவளைத்தான். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது அறுந்த காதை நைலான் நூலால் கெட்டியாகத் தைத்தேன். ஈஸ்டில், பழைய சென்ட்ரோமியரைத் திருப்பி வைத்தால் புதியது அடங்கிவிடும். அந்த நம்பிக்கையில்தான் தைத்தேன்.

காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பினாள். காதைத் தடவிப் பார்த்து, நன்றாகத்தான் தைத்திருக்கிறாய் என்றாள். பிறகு முடிச்சைப் பிடித்துச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.