வலது கை தளர்வு

கற்பிட்டிப் பக்கம் பட்டப்பகலில் ஜின்னைக் கண்டேன் என்று யாராவது வந்தால், வெயில் பட்டிருக்கும், இளநீர் ஒன்று குடிச்சிட்டுப் படுங்க என்று சொல்லி அனுப்புகிற ஆள் நான். எங்கட குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து கெம்பஸ் வரைக்கும் போன முதல் ஆள் வேறு, அந்தப் பெருமையும் இருந்தது. அதனால் இதைக் கேட்டு நீங்க சிரித்தால் நான் கோபிக்க மாட்டேன், உங்கட இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

காலையில் ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. மற்ற நேரம் பழைய பொம்மைகளுக்குச் சான்று எழுதுவேன். கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் பழக்கிவிட்ட வேலை அது. நாற்பது வருசத்துக்கு முன் விண்வெளிக் கதைகளுக்காகச் செய்த விரல் நீளப் பிளாஸ்டிக் வீரர்கள், அவற்றைத் தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். காலில் பதித்த எழுத்து, மூட்டின் இறுக்கம், பெயின்ட் உரிந்த விதம் எல்லாம் பார்த்து, அசலா போலியா, என்ன நிலையில் இருக்கிறது என்று கடிதம் எழுதிக் கையொப்பம் வைப்பேன். அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் வாங்குவார்கள். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

நான் இருந்து பார்க்கிற இடம் பவாஸின் போட்டோக்கொப்பிக் கடையின் பின் அறை. பவாஸ் என்ட மாமி மகன். தொண்ணூறில் புலிகள் வெளியேற்றி மன்னாரை விட்டு வந்த எங்கட இரண்டு குடும்பமும் ஒரே முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டில், நாங்கள் பிறந்ததும் அங்கேதான். எட்டாம் வகுப்போடு நின்ற அவன் தன்ட சைக்கிளைத் தந்ததால்தான் நான் ஏ.எல். வகுப்புக்குப் போனேன். முகாமில் ஒரு பழக்கம் இருந்தது, எழுதத் தெரியாத பெரியவர்கள் வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்து, நீயே நிரப்பு மகன் என்று என்னிடம் தந்துவிடுவார்கள். ஒரு சொல் கூட நான் கூட்டி எழுதியதில்லை. அதனால்தான் பவாஸ், "நீ ஹோட்டல்ல நிக்கக்குள்ள பஸ் பார்சல் போயிருதுடா மச்சான், நாலு வெறும் தாள்ல சைன் வெச்சித் தா, நீ போன்ல சொல்லு, நான் அடிச்சி அனுப்புறேன்" என்றபோது யோசிக்காமல் வைத்துக் கொடுத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு ஹோட்டலில் லீவு. கொழும்பிலிருந்து வந்திருந்த வெள்ளி நிற வீரன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை தளர்வு, தூக்கினால் நிற்காது என்று எழுதினேன். மூன்று தரம் தூக்கிப் பார்த்தேன், மூன்று தரமும் பொத்தென்று விழுந்தது. இடது கையை மேசையில் ஊன்றி, வெளிச்சம் சரிவரும்வரை முன்னால் நின்று ஆறு படம் எடுத்தேன். ஜும்ஆத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன், அந்தக் கை தோள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது.

கரண்ட் இல்லை, காத்தாடியும் ஓடவில்லை. விரலால் தட்டினேன், விழுந்தது. பொம்மையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தொப்பியை எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான், ஒரு மூச்சு விடுகிற நேரம். வல்லாஹி, அது மறுபடி அறைக்குள் திரும்பி, மூலையில் இருந்த பவாஸின் அலுமாரிக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த அலுமாரியை நான் ஒருநாளும் திறந்ததில்லை. தாள் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் பதினொரு வீரர்கள், புதுப் பிளாஸ்டிக் வாசம் மூக்கில் அடிக்கிறது, காலில் எழுத்தே இல்லை. ஒவ்வொன்றோடும் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தது. அசல், மிக நல்ல நிலை. கீழே என்ட கையொப்பம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்த பவாஸ் வந்து பெட்டியைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "யார் சொன்னது?"

நான் பொம்மையைக் காட்டினேன். சிரித்தான். "படிச்சிப் படிச்சி மூளை கழண்டுட்டு உனக்கு."

"எத்தனை போயிருக்கு பவாஸ்?"

"உன்ட கையெழுத்துத்தானே, நான் என்ன கள்ளக் கையெழுத்தா வெச்சன்?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சைக்கிள் தரக்குள்ள நான் உன்னட்டக் கடிதம் கேட்டனா மச்சான்?"

எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் என்ட பழைய கடிதங்களை நம்ப வேண்டாம் என்று எழுதிவிட்டேன், அதற்குப் பிறகு யாரும் புதிதாகக் கேட்டு வரவும் இல்லை. பவாஸும் நானும் பள்ளிவாசலில் ஸலாம் சொல்லிக்கொள்வோம், அதோடு சரி.

இவ்வளவும் என்ட மனப்பிரமை என்று நீங்க சொன்னால் ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அன்றைக்கு இருந்த நிலையில் அந்த ஆறு படத்தையும் பார்க்காமலே, எழுதியதோடு சேர்த்துப் பொம்மையின் சொந்தக்காரருக்கு அனுப்பியிருந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் கோல் எடுத்தார். "தம்பி, கை நிற்காது என்று எழுதியிருக்கிறீங்க, படத்தில தூக்கிக்கொண்டு நிக்குதே?"

போனைத் திறந்து பார்த்தேன். ஒளு எடுக்கப் போகுமுன் எடுத்த படங்கள், எடுக்கும்போது கை தொங்கித்தான் இருந்தது, என்ட கண்ணால் பார்த்தது. முதல் படத்தில் அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் மேலே. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஆறாவதில் கை நேராக நீண்டிருக்கிறது, அலுமாரிக்கு அல்ல, படம் எடுத்த ஆளுக்கு.

அந்தப் படம் எடுக்கும்போது என்ட இடது கைக்குக் கீழே, அன்று காலையில் பவாஸுக்கென்று புதிதாகக் கையொப்பம் வைத்த நாலு வெறும் தாள் இருந்தது.