காரையாற்றுக்குக் கொண்டுபோன லாரித் தார்பாய்

மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடியும் நனைந்த லாரித் தார்பாய்க்கென்று ஒரு வாசனை உண்டு. மெழுகும் டீசலும் வைக்கோலும் கலந்த அந்த வாசனை, மடிப்பை விரிக்க விரிக்க மூக்கில் ஏறும். ஆடி மாதம் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சூடமும் பொங்கல் பானையும் அதற்குப் பிறகுதான்.

எங்கள் குலதெய்வம் காரையாற்றில், காட்டுக்குள் இருக்கும் அய்யனார். ஆடி அமாவாசைக்கு முன்பே பாபநாசத்திலிருந்து மலையேறி, ஆற்றங்கரையில் "குடில்" போட்டு, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, குளித்துக் கும்பிட்டு, அமாவாசை கழிந்த பிறகுதான் இறங்குவோம். கூடாரம் போட்டுத் தங்குவது என்று இப்போது பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்களே, அது எங்களுக்குச் சாமி கும்பிடுவதோடு சேர்ந்தே வந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கரையில் வழக்கமான இடம் உண்டு. யாரும் கோடு போட்டுக் கொடுத்ததில்லை, யாரும் மாறி உட்கார்ந்ததுமில்லை. எங்களுக்கு ஒரு நாவல் மரத்தடி.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. சேரன்மகாதேவியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு. சித்தப்பா புதிதாக இறக்கிய தகரக் கூரையின் தண்ணீர் எங்கள் முற்றத்தில் விழுந்தது, காரணம் அவ்வளவுதான். முந்தின ஆடிக்கு, அதே நாவல் மரத்தடியில் இந்தப் பக்கம் எங்கள் பிளாஸ்டிக் விரிப்பு, அந்தப் பக்கம் அவர்கள் விரிப்பு என்று இரண்டு குடில் போட்டு, இரண்டு அடுப்பு மூட்டினார்கள். அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. "ஒரு வீட்டுப் பிள்ளைக ரெண்டு பானை வச்சா, சாமி எந்தப் பானையப் பாக்கும்?" என்று ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். அதன்பிறகு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம் அவளுக்கு ஒரே வேண்டுதல்தான்: அடுத்த ஆடிக்கு ஒரே அடுப்பு எரிய வேண்டும்.

அந்த வருஷக் காற்றில் எங்கள் விரிப்பு கிழிந்து பறந்துபோயிருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, இந்தத் தடவை ஆடிக்காற்றுக்குத் தாங்குகிறாற்போல ஒன்று வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அம்பாசமுத்திரத்தில் கயிறும் தார்பாயும் விற்கும் ஒரு அண்ணாச்சியின் கடைக்கு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா தொட்டதெல்லாம் சின்னதாக, மெல்லிசாக இருந்தது. அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, ஓரத் தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் மூலையில் சுருட்டிக் கிடந்த ஒன்றைக் கை காட்டினாள்.

"அது லாரிக்கு உள்ளதும்மா" என்றார் அண்ணாச்சி. அப்பா பக்கம் திரும்பி, "கூட ஆருல்லாம் வாரா?" என்று கேட்டார்.

"நாங்க மட்டுந்தான் அண்ணாச்சி."

"நாலு பேருக்கு இதா? என்னவே, அங்கன போயி கல்யாணமா வைக்கப் போறீரு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா மட்டும் அசையவில்லை.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ. பெருசே இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள். "சுருட்டிக் கட்டிக் குடுங்க."

"ஒத்த ஆளா இதத் தூக்கி நிறுத்த முடியாது, பாத்துக்கிடும்" என்று அண்ணாச்சி அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவின் சுபாவமே தனி. முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் ஆள் கூப்பிட மாட்டார்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா குடும்பம் எங்களுக்கு முன்பே வந்து, மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மெல்லிய விரிப்பைக் கட்டியிருந்தது. அதற்கடியில் செல்விச் சித்தி, பிறந்து சில மாதமே ஆன பேச்சியம்மாளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா அந்தப் பக்கமே பார்க்காமல் கம்புகளை ஊன்றினார். அம்மாவும் நானும் என் தம்பியும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம். ஒரு பக்கம் தூக்கினால் மறு பக்கம் சரிந்தது. பக்கத்துக் குடிலிலிருந்து வந்த இரண்டு பேரையும் "பரவால்லவே, நானே பாத்துக்கிடுதேன்" என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சாரல் வந்தது, கூடவே காற்றும். தார்பாய்க்குள் காற்று புகுந்து அது யானை வயிறு மாதிரி உப்பியது. நடுக்கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற அப்பா கம்போடு சேர்ந்து ஆடினார். அந்தப் பக்கம் சித்தியின் விரிப்பு ஒரே வீச்சில் பிய்ந்து ஆற்றோரப் பாறையில் போய் விழுந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

"ஏ செல்வி! பிள்ளையத் தூக்கிட்டு இங்கன வா!" என்று அம்மா கத்தினாள். சித்தி, புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். சித்தப்பா அவளைப் பார்க்கவில்லை; எங்கள் தார்பாயிலிருந்து பறக்கிற கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிவந்து அதை எட்டிப் பிடித்தார்.

"அண்ணே, கம்பப் பைய விடு. வெடுக்குனு விட்டா ஆளையே இழுத்துட்டுப் போயிரும்."

"எனக்குச் சொல்லித் தாரியாலே? மொத அந்த மூலையப் புடி!"

அவ்வளவு நாள் கழித்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். அதற்குப்பிறகு நிறுத்த முடியவில்லை. முடிச்சு சரியில்லை என்றார் ஒருவர், கம்பு சாய்ந்திருக்கிறது என்றார் மற்றவர். வேலை முடிகிற நேரத்தில் சித்தப்பா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். தார்பாயை எந்தப் பக்கம் சரித்துக் கட்டுவது, தண்ணீர் யார் பக்கம் விழுவது என்பதுதான் மிச்சம் இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அய்யனாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாதான் வாய் திறந்தார். "என் பக்கம் விழட்டும்லே. அங்கன பச்சப்பிள்ள கெடக்குல்லா."

சித்தப்பா கயிற்றை அந்தச் சரிவுக்கே இழுத்துக் கட்டிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, தண்ணீர் ஓடிப்போக வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார். சித்தியின் அரிசியை அம்மா வாங்கித் தன் பானையிலேயே போட்டாள். பொங்கல் பொங்கி வழிந்தபோது அம்மா போட்ட குலவை ஆற்றுக்கு அக்கரைவரை கேட்டிருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். தகரக் கூரைக்கு வடிகால் வைப்பதற்குள் இன்னும் இரண்டு சண்டை வந்தது. ஆனால் பேசிக்கொண்டே சண்டை போட்டார்கள். அதுவே எங்களுக்குப் பெரிய வரம்.

அப்பா இப்போது இல்லை. அந்தத் தார்பாயும் இற்றுப்போய், கடைசியில் வைக்கோல் படப்புக்கு மூடுதுணியாகி மறைந்தது. மலையில் இப்போது நாள் கணக்காகத் தங்க முடியாது. கொஞ்ச நாள்தான் அனுமதி, சாமான்களையும் சோதித்துத்தான் மேலே விடுகிறார்கள். காட்டுக்கு அது நல்லதுதான். இருந்தாலும் கரை நெடுக அடுப்புப் புகை எழுந்த காட்சியை என் பிள்ளைகளுக்கு நான் வாயால் சொல்லத்தான் முடிகிறது. என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கும் அதே அய்யனார்தான் என்பதால் எனக்குப் போக்குவரத்து விட்டுப்போகவில்லை.

இந்த ஆடிக்குக் கூடாரம் வாங்க நானும் செல்விச் சித்தியின் மகள் பேச்சியம்மாளும் திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். அவள் இப்போது பாளையங்கோட்டையில் குடியிருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நான் துணியை இழுத்துப் பார்த்தேன்; அவள் உள்ளே நுழைந்து கையை விரித்துப் பார்த்தாள். கடைக்காரர், "இது பெருசுக்கா. நடுவுல தடுப்பு இருக்கு, ரெண்டு குடும்பம் தனித்தனியா படுத்துக்கிடலாம்" என்று பெருமையாகச் சொன்னார்.

"அந்தத் தடுப்பக் கழத்த முடியுமா அண்ணாச்சி?" என்றாள் பேச்சி.

"ஜிப்புதான், கழத்திரலாம். ஆனா அதுக்குத் தனியா ரூவா கொறைக்க மாட்டோம்."

"கொறைக்காண்டாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஜிப்பை இழுத்தாள். அந்தத் துணியை மடித்து அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு, கூடாரத்தை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம்.