பார்ட்டிக்கு வழி தெரியக் கூடாது

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் மனை புரோக்கர்களுக்கெல்லாம் ஒரே பாடம்தான்: பார்ட்டியை நேர் வழியில் கூட்டிப் போகாதே. வழி பிடிபட்டுவிட்டால் மறுநாளே ஓனர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், நம் கமிஷன் போயே போச்சு. அதனால் சவுக்குத் தோப்பு, கோயில் தெரு, கால்வாய்க் கரை என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவோம். நான் அதில் கெட்டிக்காரி. என் ஸ்கூட்டிக்குப் பின்னால் காரில் வருகிறவர்களுக்குக் கிழக்கு எது, மேற்கு எது என்றே தெரியாது.

ஏஜென்டுகள் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும் எங்கள் பக்கத்தில் முதலில் பதிந்தவள் நான்தான். பதிவு எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினேன். பெண்பிள்ளை புரோக்கர் என்று இளக்காரமாகப் பார்த்தவனெல்லாம் அண்ணாந்து படிக்கட்டுமே! பதிந்தவள் பதிவில்லாத லேஅவுட் மனையைத் தொடக் கூடாது. தொடவில்லை. என்னோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தொழில் பார்த்த அண்ணாத்த பதியவே இல்லை. என் போர்டைப் பார்த்துச் சிரித்தார்.

“வாயால பண்ற தொழிலுக்கு இன்னாத்துக்கும்மா நம்பரு? நாளைக்கு மூச்சு வுடறதுக்கும் நம்பர் கேப்பான், வாங்குவியா?”

“வாங்குவேன். உனக்கு இன்னா?”

ஒரு சித்திரை மாதம் அணுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு தம்பதி போர்டைப் பார்த்து வந்தார்கள். கணவர் ஓய்வு பெறப் போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அண்ணாத்த காட்டிய மனை பிடித்துப்போய், மறுநாள் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. இத்தனை வருஷச் சேமிப்பும் அதில்தான்.

“அவருக்குப் பதிவு நம்பர் இல்லையாம். மனசு கேக்கலை. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்” என்றார் அந்த அம்மா.

“எந்த வழியா போனீங்க?”

“ரொம்ப தூரங்க. ரெண்டு கால்வாய் தாண்டினோம். மனைக்கு நடுவுல ஒரு பழைய பம்ப்செட் ரூம் இருக்கு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பதே ஒரு கால்வாய்தான். மனுஷன் அதையே இரண்டு தடவை தாண்ட வைத்திருக்கிறார்! பம்ப்செட் ரூம் என்றதும் இடமும் புரிந்துவிட்டது, சிரிப்பும் நின்றுவிட்டது.

நேர் வழியில் கூட்டிப் போனேன். குவார்ட்டர்ஸிலிருந்து கொஞ்ச தூரம்தான். புதுச் சுண்ணாம்பு அடித்த மனைக்கற்களை அந்த அம்மா பார்க்கவே இல்லை. ஏரிக்கரையையும் பம்ப்செட் ரூமையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏங்க, இது நம்ம ஏரிங்க! கார்த்திகையில நாரை பாக்க வந்தோமே, இந்த ரூம் மேலதானே உக்காந்திருந்துச்சு? அப்ப சுத்தியும் தண்ணிங்க!”

கணவர் ஒரு மனைக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அங்கேயே அண்ணாத்தைக்குப் போன் போட்டேன்.

“தண்ணிக்குள்ள வூடு கட்டச் சொல்றியா? அந்த லேஅவுட்டுக்கு நம்பர் கீதா?”

“ஐயோ, நானே வெயில் காலத்துலதாம்மா பாத்தேன்” என்று இழுத்தவர், சட்டென்று குரலை மாற்றினார். “இன்னா, நேரா இட்டுக்கினு வந்துட்டியா? நல்லா இரு. நாளைக்கு உன்னையும் கட் பண்ணிட்டுப் போய்க்கினே இருப்பாங்க, பாரு.”

பார்த்துவிடலாம் என்று திருக்கழுக்குன்றம் பக்கம் பதிவுள்ள லேஅவுட்டில் ஒரு டீச்சரின் மனையை அன்றைக்கே காட்டினேன். அதையும் நேர் வழியில். மேட்டு நிலம், இருவருக்கும் பிடித்தது. போதாததற்கு, டீச்சர் வீட்டையும் கை நீட்டிக் காட்டினேன். வீம்புதான், வேறென்ன!

மறுநாள் காலை டீச்சர் போன் செய்தார். “உங்க பார்ட்டி நேரா இங்கயே வந்துட்டாங்க.”

அண்ணாத்தையின் கருநாக்கு பலித்துவிட்டதா? ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன். இருவரும் வாசலில் வெயிலில் நின்றிருந்தார்கள். டீச்சர் கூப்பிட்டும் உள்ளே வரவில்லையாம்.

“வழிதான் தெரிஞ்சிடுச்சே, சீக்கிரமே வந்துட்டோம்” என்றார் அந்த அம்மா. “நீங்க இல்லாம எப்படி விலை பேசறது?”

நான்தான் முதலில் படியேறினேன்.