அக்னி மூலையில் ஒரு மோடம்

எங்கள் வீட்டில் கரண்டில் ஓடுகிற எதுவானாலும் அக்னி மூலைக்குத்தான் போக வேண்டும். இது என் மனைவியின் சட்டம். மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் தென்கிழக்கு மூலையிலுள்ள சமையலறையில் பௌர்ணமி கிரிவல பஸ் போல நெருக்கியடித்து நிற்கின்றன. டி.வி.க்கு மட்டும் ஹாலில் இடம். சீரியல் விஷயத்தில் வாஸ்து கண்ணை மூடிக்கொள்ளும் போலிருக்கிறது. சாமியே நெருப்பாக இருக்கிற ஊரில் அக்னியைப் பற்றி எங்கள் வீட்டம்மாவிடம் வாதாடி ஜெயிக்க நான் யார்?

அதனால் ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த கேபிள்காரர், நூல் மாதிரி மெல்லிய ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மோடம் எங்கம்மா வெக்கட்டும்?" என்று கேட்டபோது பதில் தயாராக இருந்தது. அடுப்புக்கு மேலே, மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில்.

நான் அவரைப் பார்த்தேன். நாற்பது வயது மனிதர், ஊரில் பாதி வீடு ஏறி இறங்கியவர். தடுப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "இந்தத் தெருவுல எல்லா மோடமும் சமையக்கட்டுலதான் சார் வேல பாக்குது. மூணு மாசத்துல தாளிக்கக்கூட கத்துக்கும்."

மக்கள் பேசுகிற பேச்சைக் கேட்டு ரசிப்பதில் ஆயுளைக் கழித்தவன் நான். பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த காலத்தில், பஞ்சர் ஒட்டியதைவிட வாய் பார்த்ததுதான் ஜாஸ்தி. அந்த வழக்கத்தில் அவர் சொன்னதை ரசித்துவிட்டேன். ரசிப்பதற்குப் பதிலாகச் சண்டை போட்டிருக்கலாம்.

ஏனென்றால் அந்த இணைப்பை வாங்கியதே மருமகளுக்காக. அவளுக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். மகனுக்கு உள்ளூரிலேயே, வேங்கிக்காலில் ஆபீஸ். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுடைய அறை மாடியில், வடமேற்கே, வாயு மூலையில். சமையலறையில் கிளம்புகிற சிக்னல் இரண்டு சுவரும் ஒரு கான்கிரீட் தளமும் தாண்டி அங்கே போய்ச் சேரும்போது, கிரிவலம் முடித்த கால் மாதிரி சோர்ந்துபோயிருக்கும். வீடியோ மீட்டிங்கில் அவள் முகம் நின்றுவிடும், வாய் திறந்தபடி இருக்கும், குரல் கொஞ்சம் கழித்து வரும்.

வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையல் மேடைக்கே வந்துவிட்டாள். ஒரு பக்கம் அத்தை கடுகு தாளிப்பாள், இன்னொரு பக்கம் மருமகள் கணக்கு விளக்குவாள். கம்பெனிக்காரர்களுக்கு எங்கள் குக்கரின் விசில் பழகிப்போயிற்று. "இன்னிக்கு இன்னா குழம்பு?" என்று அவள் கூட வேலை பார்க்கிற பெண் கேட்பாளாம்.

மேலாளருக்குக் குழம்பில் அக்கறையில்லை. ஒருநாள் மருமகள் முகம் வாடிப்போய் வந்து சொன்னாள்.

"மாமா, அடுத்த வாரம் வெளிநாட்டுக் கிளையன்ட்டோட மீட்டிங். அதுலயும் கட் ஆச்சுன்னா சென்னைக்கே வந்துடுன்னு சொல்லிட்டாங்க. ஹாஸ்டல் பாத்துக்கச் சொல்றாங்க."

"என்னிக்கு மீட்டிங்?"

"பௌர்ணமி அன்னிக்கு."

வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. பௌர்ணமியன்று எங்கள் ஊரில் செல்போன் என்பது மணி பார்க்க மட்டும்தான். கிரிவலத்துக்கு வருகிற லட்சோப லட்சம் பேரும் மலையைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டே நடப்பார்கள். போன் நெட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த மோடம்தான் கதி. இல்லையென்றால் மகன் இங்கே, மருமகள் அங்கே.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா ரெக்கார்டு குரலில் என்னை மதிப்பு மிக்க வாடிக்கையாளர் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெண்டாட்டிகூட அத்தனை தடவை சொன்னதில்லை. கடைசியில் ஒரு நிஜ மனிதர் வந்தார்.

"மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"பண்ணிட்டேன்."

"இன்னொரு வாட்டி பண்ணுங்க சார்."

"அது இருக்கட்டும். நானே ஒரு ரவுட்டர் வாங்கி உங்க மோடத்தோட சேத்துக்கலாமா?"

"வெளி ரவுட்டர் நாங்க சப்போர்ட் பண்றதில்ல சார். அதுக்கு மேல் ஆபீஸ்ல அப்ரூவல் வாங்கணும். கம்ப்ளைன்ட் போட்டு வெக்கிறேன், ஆள் வருவாங்க."

என் வீடு, என் சுவர், என் கரண்டு. நடுவில் அவர்கள் பெட்டி. ஆனால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நான் கேட்கக்கூடாது. குடிவந்தவன் வீட்டுக்காரனையே கதவுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசின கதை. அப்ரூவலும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

நானே போய் ஒரு ரவுட்டர் வாங்கி வந்தேன். நான்கு கொம்பு வைத்துப் பார்க்கவே மிரட்டலாக இருந்தது. மனைவி சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பயபக்தியோடு எடுத்துப்போனாள். நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் அது அடுப்புக்கு மேலே, மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"அங்க ஏம்மா வெச்ச?"

"பின்ன எங்க வெப்பாங்க? கரண்டு சாமான்தான இது?"

இப்போது எங்கள் சமையலறையிலிருந்து ராக்கெட் விடலாம். அவ்வளவு சிக்னல். மாடியில் மட்டும் பழைய கதை.

அரைநாள் பேசிப் பார்த்தேன். சுவர், தளம், தூரம் என்று விளக்கினேன். "நெருப்பக் கொண்டுபோய் வாயு மூலைல வெச்சா வீடு பத்திக்கும்" என்றாள். அதற்குமேல் விஞ்ஞானம் பேசிப் பயனில்லை. அவள் கட்சியிலேயே சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ஏம்மா, வீட்டுக்கு ஒரு அக்னி மூலை இருக்குது. மாடி ரூமுக்குன்னு தனியா ஒண்ணு இருக்குமில்ல?"

அவள் யோசித்தாள். மாடிக்கு ஏறினாள். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்கு மலை மேற்கே. அதற்கு முகம் காட்டி நின்றுதான் நாங்கள் திசை பார்ப்பது. அப்படியே பின்னால் நகர்ந்து, இடப்பக்கம் ஒதுங்கி, அலமாரி ஓரத்தில் முதுகு இடித்ததும் நின்றாள்.

"இதான்" என்றாள், ஏதோ நான்தான் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த மாதிரி.

கீழேயிருந்து மாடிக்கு ஒயர் இழுத்து ரவுட்டரில் சொருகினேன். மறுநாள் வீடே பைத்தியக்கார ஆஸ்பத்திரி. மகன் போனில் நெட் வருகிறது, என் போனில் வரவில்லை. லேப்டாப்பில் வந்து வந்து போகிறது. பௌர்ணமிக்கு முந்தைய நாள் அது. மருமகள் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள். மனைவி சமையலறைக்கும் மாடிப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

நான் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். தப்பு என்னுடையது. ரவுட்டரின் பின்னால் ஒரே நிறத்தில் நான்கு ஓட்டை, தனி நிறத்தில் ஒன்று. மோடத்திலிருந்து வருகிற ஒயர் அந்தத் தனி ஓட்டைக்குப் போக வேண்டும். நான் நான்கில் ஒன்றில் சொருகியிருந்தேன். ஆகவே மோடமும் ரவுட்டரும் ஒரே பஸ்ஸில் ஏறிய இரண்டு கண்டக்டர் மாதிரி, எதிரில் வந்தவர்க்கெல்லாம் தனித்தனியாக டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கின்றன. பயணிகள் எந்தச் சீட்டில் உட்காருவார்கள்? ஒயரை மாற்றிச் சொருகினேன். மோடத்தின் வைஃபையையும் அணைத்தேன். அவ்வளவுதான். மேல் ஆபீஸ் அப்ரூவல் என்று ஒரு வாரம் என்னை அலைக்கழித்தார்களே, அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

மறுநாள் மீட்டிங் ஆரம்பித்தது. மிக்சிக்கு விடுமுறை. மகன் வேலைக்குப் போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் குரல்.

"சார், கம்ப்ளைன்ட் குடுத்திருந்தீங்களே. மோடம் ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்."

கேபிள்காரர். இத்தனை நாள் காணாதவர் நேராகச் சமையலறைக்கு நடந்தார். மோடத்தை அணைத்தால் மாடியில் மீட்டிங் போச்சு. மனைவி கையில் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள்.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"ஆம்லெட்டும்மா."

"பௌர்ணமி அதுவுமா கவுச்சி தின்னுட்டு வந்து அக்னி மூலைல கைய வெப்பியா? போயி ஹால்ல உக்காரு."

"அம்மா, ஒரு நிமிஷ வேலம்மா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா..."

"பண்ணா உன் கைய ஒடச்சி உன் கம்பெனிக்கே அனுப்பிடுவேன். மேல என் மருமவ பேசிக்கிட்டு இருக்கா."

அவர் ஹாலில் உட்கார்ந்தார். இட்லி கொடுத்து உட்கார வைத்தாள். மீட்டிங் முடிகிறவரை அவரை எழுந்திருக்கவே விடவில்லை.

மருமகள் இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே மகன் படியிலிருந்து எழுந்துவிட்டான்.

"ஒரு எடத்துலயும் கட் ஆவல அத்தை. இங்கயே இருந்து பாருன்னு சொல்லிட்டாங்க. குக்கர் சத்தம் கேக்கல, வீடு மாறிட்டியான்னு கேட்டாங்க."

மனைவி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "போயி அந்தத் துணியெல்லாம் எடுத்து பீரோல வை மொதல்ல" என்றாள்.

கேபிள்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப ப்ராப்ளம் சரியாயிடுச்சுதான சார்? கம்பெனி சரி பண்ணிடுச்சுன்னு போட்டு க்ளோஸ் பண்ணிடறேன்."

"போட்டுக்க. கம்பெனிக்கும் ஒரு நல்ல பேரு வரட்டும்."

போனை எடுத்தார். தட்டினார். ஜன்னலோரம் போனார், வாசலுக்குப் போனார், கையை உயர்த்தி மலைக்குக் காட்டினார். பௌர்ணமி. ஒன்றும் அசையவில்லை. திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், கொஞ்சம் வைஃபை பாஸ்வேர்டு சொல்றீங்களா?"

"எது? உங்க கம்பெனியோடதா, நான் வாங்கினதா?"

மனிதர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "உங்களதே குடுங்க சார். அதான் நல்லா எடுக்குது."